தாமஸ் மன்னின் இசைத்தட்டுகள்

சங்க இலக்கியத்தில் அசுணம் என்றோர் உயிரினம் வருகிறது. இசையில் மெய்ம்மறக்கும் இயல்புடையது அது. அதை வேட்டையாட வருவோர் மறைந்திருந்து முதலில் யாழை மீட்டுவார்களாம். மயங்கி அது வெளிப்பட்டதும் பறையை அறைந்து கொல்வார்களாம். இசைக்கு இளகும் நெஞ்சம் உயர்ந்தது என்று போற்றிய நம் முன்னோர், அந்த இளக்கமே ஆபத்தாகவும் முடியலாம் என்ற எச்சரிக்கையையும் அருகிலேயே வைத்துச் சென்றிருக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் ஜெர்மனியில் இந்த எச்சரிக்கையை வாழ்நாள் முழுவதும் நெஞ்சில் சுமந்தவர் தாமஸ் மன். 1875-இல் பிறந்து 1955-இல் மறைந்த நாவலாசிரியர்; 1929-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். நமக்கு அவர் முற்றிலும் அந்நியர் அல்லர். வேதாளம் விக்கிரமாதித்தனுக்குச் சொன்ன, தலைகள் இடம்மாறிய கதையை 1940-இல் குறுநாவலாக்கியவர் அவரே. கிரீஷ் கர்னாடின் 'ஹயவதனா' நாடகத்துக்கு அந்தக் குறுநாவலும் ஒரு தூண்டுகோல்.

தாமஸ் மன் காலை ஒன்பது மணிக்கு எழுத உட்கார்ந்து நண்பகல் வரை எவரையும் நெருங்க விடாதவர். மாலை நேரமோ இசைத்தட்டுகளுக்கு உரியது. மியூனிக், சுவிட்சர்லாந்து, அமெரிக்கா என்று வீடுகள் மாறின, நாடுகள் மாறின, குடியுரிமைகூட இரண்டு முறை மாறியது. மாலையில் கிராமபோனின் அருகே அமரும் வழக்கம் மட்டும் மாறவில்லை. அந்தத் தட்டுகளின் வழியாக அவர் வாழ்க்கையைப் பார்த்தால், கலையை உயிராக நேசித்த ஒருவர் அந்த நேசத்தையே எப்படி விசாரணைக்கு உட்படுத்தினார் என்பது புலப்படும்.

தாயின் பியானோ

வட ஜெர்மனியின் பழைய வணிகத் துறைமுகமான லூபெக் நகரில், தலைமுறை தலைமுறையாகத் தானிய வணிகம் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தார் மன். தந்தை நகர ஆட்சி மன்ற உறுப்பினர். கடமையும் கணக்கும் உருவானவர். தாய் ஜூலியா பிரேசிலில் பிறந்தவர், பியானோ வாசிப்பார், ஷூபர்ட், ஷூமன் ஆகியோரின் பாடல்களை இனிய குரலில் பாடுவார். வரவேற்பறையின் மூலையில் அமர்ந்து அந்தப் பாடல்களைக் கேட்டதே சிறுவன் தாமஸின் முதல் இசைக்கல்வி. நகர அரங்கில் வாக்னரின் 'லோஹன்கிரின்' இசை நாடகத்தைக் கண்டது இரண்டாவது கல்வி. வயலினும் கற்றுக்கொண்டார், ஆயினும் தேர்ந்த கலைஞராகவில்லை. இசையை உருவாக்க இயலாத, இசையின்றி வாழவும் இயலாத ரசிகராகவே இறுதிவரை இருந்தார்.

1891-இல் தந்தை இறந்ததும் வணிக நிறுவனம் கலைக்கப்பட்டது. தாய் மியூனிக் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1894-இல் மகனும் அங்கே சென்று சேர்ந்தார். 1901-இல், இருபத்தாறு வயதில், வெளியான 'புடன்புரூக்ஸ்' நாவல் அவருக்குப் பெரும் புகழைத் தந்தது. ஒரு வணிகக் குடும்பம் நான்கு தலைமுறைகளில் தேய்ந்து மறையும் கதை அது. அக்குடும்பத்தின் கடைசி வாரிசான சிறுவன் ஹன்னோ இசைப்பித்து கொண்டவன். பியானோவின் முன் அமர்ந்தால் உலகை மறப்பவன். உலகில் வாழும் வலிமையை இழப்பவனும் அவனே. தேவாலய ஆர்கன் கலைஞர் ஒருவரும் அதே நாவலில் உண்டு. வாக்னரின் 'டிரிஸ்டன்' இசையை ஒழுக்கக்கேடு என்று முதலில் வாசிக்க மறுக்கும் அவர், சிறுகச் சிறுக அதற்கே அடிமையாகிறார்.

அடுத்து, 1903-இல் வெளியான 'டிரிஸ்டன்' என்ற குறுநாவலில், மருத்துவர்கள் தடுத்திருந்தும் ஒரு நோயாளிப் பெண் பியானோவில் வாக்னரை வாசிக்கிறாள். அதன்பின் நோய் முற்றி இறக்கிறாள். அவளை வாசிக்கத் தூண்டியவன் ஓர் எழுத்தாளன். முப்பது வயதை எட்டும் முன்பே, தாம் மிகவும் நேசித்த இசையை ஓர் இனிய நஞ்சாகவும் பார்க்கும் பார்வை அவருக்குள் உருவாகிவிட்டது. நஞ்சைக் கொடுப்பவரின் இடத்தில் தம்மைப் போன்ற ஓர் எழுத்தாளனை நிறுத்தவும் அவர் தயங்கவில்லை.

ஏரிக்கரையில் ஒரு கண்டுபிடிப்பு

முதல் உலகப் போர் வந்தபோது இந்த ஐயம் அவரைக் காப்பாற்றவில்லை. கைசரின் ஜெர்மனியை ஆதரித்து நின்றார். 1918-இல் வெளியான 'அரசியல் சாராத ஒருவனின் சிந்தனைகள்' என்ற பெருநூலில், ஜனநாயகமும் அரசியலும் பிரெஞ்சுக்காரர்களின் ஆரவாரப் பேச்சு என்றும், ஜெர்மானியரின் உயிர் இசையில் இருக்கிறது என்றும் வாதிட்டார். அந்த வாதத்துக்கு அவர் துணைக்கழைத்த படைப்புகளுள் ஒன்று ஹான்ஸ் ஃபிட்ஸ்னரின் 'பலெஸ்ட்ரினா'. 1917-இல் மியூனிக்கில் அந்த இசை நாடகம் முதன்முதலாக அரங்கேறியபோது நடத்தியவர், மன்னின் அண்டை வீட்டு நண்பரும் யூதருமான புரூனோ வால்ட்டர். பின்னாளில் ஃபிட்ஸ்னர் ஒரு திசையிலும் வால்ட்டர் வேறொரு திசையிலும் செல்ல நேரிடும் என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

போரில் ஜெர்மனி தோற்றது, பேரரசு சரிந்தது. அந்தக் குழப்பக் காலத்தில்தான், 1920-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மியூனிக்கை அடுத்த ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் ஃபெல்டாஃபிங் என்ற ஊரில் நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கினார் மன். அங்கே தரமான கிராமபோன் ஒன்று இருந்தது. வாக்னர், வெர்டி, புச்சினி ஆகியோரின் இசையை அந்தக் கருவியில் மீண்டும் மீண்டும் கேட்டார். எழுதிக்கொண்டிருந்த பெரிய நாவலுக்குள் இந்தக் கருவி வந்தே தீர வேண்டும் என்று அங்கேயே முடிவுசெய்தார். தம் பழைய நாட்குறிப்புகளில் பெரும்பகுதியை 1945-இல் அவர் எரித்துவிட்டார். தப்பிய சில ஆண்டுகளின் குறிப்புகளுள் 1920-உம் ஒன்று என்பதால்தான் இந்தத் தருணம் நமக்குத் தெரியவருகிறது.

அக்கால இசைத்தட்டு எத்தகையது என்பதை இன்றைய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 சுற்றுகள் சுழலும் கனமான, எளிதில் உடையும் தட்டு அது. அதன் மூலப்பொருள்களுள் முக்கியமானது அரக்கு. உலகின் அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்தே சென்றது. பெரிய தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலான இசைதான் அடங்கும். ஒரு சிம்பொனியைக் கேட்க வேண்டுமானால் பலமுறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும், மாற்ற வேண்டும், ஊசியையும் மாற்ற வேண்டும். 1925-இல் மின்வழிப் பதிவு வரும்வரை, கலைஞர்கள் ஒரு பெரிய புனலின் முன் நெருங்கி நின்று பாடியதையும் வாசித்ததையும்தான் தட்டில் பதித்தார்கள். மனிதக் குரல் ஓரளவு நன்றாகப் பதியும். பெரிய இசைக்குழுவோ தொலைவில், சிறுத்துக் கேட்கும்.

இருந்தும் அந்தப் பெட்டி ஒரு புரட்சியைச் செய்தது. அதுவரை இசை என்பது நிகழ்வு. அரங்குக்குச் சென்று, பலரோடு அமர்ந்து, ஒருமுறை கேட்டுத் திரும்புவது. இப்போது அது உடைமையாயிற்று. விரும்பியபோது, விரும்பியவரின் குரலை, தனியறையில் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். தனிமையில் திரும்பத் திரும்பக் கேட்கும் இந்த மயக்கத்தின் ஆழத்தை முதன்முதலில் உணர்ந்த பெரும் எழுத்தாளர்களுள் மன் ஒருவர்.

ஐந்து தட்டுகள்

1924-இல் வெளிவந்தது 'மாய மலை'. ஆல்ப்ஸ் மலையில் உள்ள காசநோய் மருத்துவ இல்லத்துக்கு, உறவினனைப் பார்க்க மூன்று வாரப் பயணமாகச் செல்லும் ஹான்ஸ் காஸ்டோர்ப் என்ற இளைஞன் அங்கே ஏழு ஆண்டுகள் தங்கிவிடும் கதை அது. நாவலின் இறுதிக்கு முன் மருத்துவ இல்ல நிர்வாகம் ஒரு கிராமபோனை வாங்கி வைக்கிறது. மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. காஸ்டோர்ப்புக்கோ தவம். தட்டுகளின் காவலனாகத் தன்னைத்தானே நியமித்துக்கொள்கிறான். எல்லோரும் உறங்கிய பின் இரவு நெடுநேரம் தனியே அமர்ந்து கேட்கிறான். சேகரிப்பு வைத்திருக்கும் எவருக்கும் அந்த இளைஞனின் பரபரப்பும் பொறாமையும் கலந்த காவல் நன்கு புரியும்.

அவனுக்கு நெருக்கமானவை ஐந்து தட்டுகள். வெர்டியின் 'அய்டா'வில் காதலர் இருவர் உயிரோடு கல்லறைக்குள் அடைபடும் இறுதிக் காட்சி; ஒரு கோடைப் பகலின் சோம்பலை இசையாக்கிய டெபுஸியின் படைப்பு; பிஸேயின் 'கார்மென்' நாடகத்தில் கடமைக்கும் காதலுக்கும் நடுவே தவிக்கும் படைவீரனின் பகுதி; கூனோவின் 'ஃபாஸ்ட்' நாடகத்தில் போருக்குப் புறப்படும் வீரனின் வேண்டுதல்; ஐந்தாவதாக, ஷூபர்ட்டின் 'லிண்டன் மரம்'. ஊர் வாயிலில், கிணற்றடியில் நிற்கும் ஒரு மரத்தைப் பற்றிய எளிய பாடல் அது. ஜெர்மன் வீடுகளில் நாட்டுப்பாடலைப் போலப் புழங்குவது.

இந்தத் தேர்வில் ஒரு பொது இழை ஓடுவதைக் கவனிக்கலாம். கடமையை மறத்தல், உலகை விட்டு விலகுதல், சாவின் மடியில் இளைப்பாறுதல் ஆகியவையே இவற்றில் பெரும்பாலானவற்றின் உட்பொருள். லிண்டன் மரத்தின் நிழல்கூட அமைதியை மட்டும் தருவதில்லை; இறுதி ஓய்வுக்கும் அழைக்கிறது. காஸ்டோர்ப்பின் அன்பு அப்பழுக்கற்றது. ஆனால், அந்த அன்புக்குப் பின்னால் நிற்பது மரணம் என்று மன் சொல்கிறார். இன்னும் ஒரு படி மேலே சென்று, அந்தப் பாடலுக்குள் இருக்கும் மயக்கத்தை ஒரு பெரிய மந்திரவாதி கையாண்டால் அதைக் கொண்டு பேரரசுகளையே எழுப்ப முடியும் என்கிறார். ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

நாவல் முதல் உலகப் போரின் களத்தில் முடிகிறது. குண்டுகள் வெடிக்கும் சேற்றில் தடுமாறி ஓடும் காஸ்டோர்ப்பின் வாயில், தன்னை அறியாமல் முணுமுணுப்பாக வருவது அதே லிண்டன் மரப் பாடல். அவன் பிழைத்தானா என்பதை மன் சொல்லவில்லை.

இந்த நாவலை எழுதி முடிப்பதற்குள் அவரும் மாறியிருந்தார். 1922-இல் வெளியுறவு அமைச்சர் வால்ட்டர் ராத்தெனோவை வலதுசாரி வெறியர்கள் கொன்றனர். அந்த ஆண்டே பெர்லினில் இளைஞர்களின் முன் நின்று, குடியரசையும் ஜனநாயகத்தையும் ஆதரிக்குமாறு மன் கேட்டுக்கொண்டார். நான்கே ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதியதற்கு எதிராகப் பேசுகிறோம் என்பதை அவர் அறிவார். கேலிக்கும் வசைக்கும் ஆளானார், பின்வாங்கவில்லை.

வாக்னர் உரையும் நாடிழப்பும்

1933-ஆம் ஆண்டு பிப்ரவரி 13, வாக்னர் மறைந்த ஐம்பதாம் ஆண்டு நிறைவு. அதையொட்டி பிப்ரவரி 10 அன்று மியூனிக் பல்கலைக்கழகத்தில் மன் உரையாற்றினார். ஹிட்லர் பதவியேற்று இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை. வாக்னரின் தீவிர ரசிகர் ஹிட்லர் என்பதும், வாக்னரைத் தேசிய வெறியின் குலதெய்வமாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது என்பதும் எல்லோரும் அறிந்தவை. மன் தம் உரையில் வாக்னரின் மேதைமையைப் போற்றினார். கூடவே, அந்தக் கலையில் நோய்க்கூறும் உண்டு, முறையாகத் தேராத ஆர்வலரின் துணிச்சலும் உண்டு, அது ஐரோப்பா முழுமைக்கும் உரியது, ஒரு கட்சியின் கொடிக்குள் அடங்காதது என்றும் விளக்கினார். வாழ்நாளெல்லாம் வாக்னரைக் கேட்டவரின் நன்றியும் விமர்சனமும் சேர்ந்த உரை அது.

மறுநாள் அதே உரையை ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ் நகரங்களில் நிகழ்த்த மனைவி காட்யாவுடன் புறப்பட்டார். பயணம் முடிந்து சுவிட்சர்லாந்தில் ஓய்வெடுத்தபோது ஜெர்மன் நாடாளுமன்றம் எரிந்தது, கைதுகள் தொடங்கின. மியூனிக்கில் வானிலை சரியில்லை என்று பிள்ளைகள் எரிகாவும் கிளவுஸும் தொலைபேசியில் குறிப்பாக எச்சரித்தனர். பெற்றோர் ஊர் திரும்பவில்லை.

ஏப்ரலில் மியூனிக் நாளிதழில் ஒரு கண்டன அறிக்கை வெளியானது. வாக்னரின் நகரம் என்று மியூனிக்கைப் பெருமைப்படுத்திக்கொண்ட அந்த அறிக்கை, ஜெர்மன் மேதையை வெளிநாடுகளில் இழிவுபடுத்தியதாக மன் மீது குற்றம் சாட்டியது. கையெழுத்திட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோரில் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், இசைநடத்துநர் ஹான்ஸ் நாப்பர்ட்ஸ்புஷ், ஃபிட்ஸ்னர் ஆகியோர் இருந்தனர். எந்த ஃபிட்ஸ்னரின் இசையைச் சான்றுகாட்டி ஜெர்மன் ஆன்மாவுக்காக மன் வாதாடினாரோ, அதே ஃபிட்ஸ்னர். கட்சிக்காரர்களின் வெறுப்பு அவருக்கு எதிர்பாராதது அல்ல. இசைக்கலைஞர்களின் கையெழுத்துகள்தாம் அவரை ஆழமாகப் புண்படுத்தின. அதே வசந்த காலத்தில் புரூனோ வால்ட்டரின் நிகழ்ச்சிகள் தடுக்கப்பட்டன. அவரும் நாட்டை விட்டு வெளியேறினார்.

மியூனிக் வீடு பறிபோனது. எழுதுமேசையும் நூல்களில் ஒரு பகுதியும் நண்பர்களின் துணிச்சலால் சுவிட்சர்லாந்து வந்து சேர்ந்தன. சூரிச் ஏரிக்கரையில் குஸ்நாக்ட் என்ற ஊரில் புதிய வாழ்க்கை தொடங்கியது. மாலை இசையும் தொடர்ந்தது. ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் மூன்று ஆண்டுகள் ஹிட்லருக்கு எதிராக மன் வெளிப்படையாகப் பேசவில்லை. ஜெர்மனியில் தம் நூல்கள் தொடர்ந்து விற்க வேண்டும், தம் வாசகர்களோடு உள்ள தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அவரைக் கட்டிப்போட்டது. பிள்ளைகளே அவரை இடித்துரைத்தார்கள். 1936 பிப்ரவரியில் சூரிச் நாளிதழ் ஒன்றில் எழுதிய பகிரங்கக் கடிதத்தில்தான் அந்த மௌனம் உடைந்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஜெர்மனி அவரது குடியுரிமையைப் பறித்தது. பான் பல்கலைக்கழகம் தான் அளித்த மதிப்புறு முனைவர் பட்டத்தைத் திரும்பப் பெற்றது.

தட்டில் பதிந்த குரல்

1938-இல் அமெரிக்கா சென்றார். முதலில் பிரின்ஸ்டன், பிறகு கலிஃபோர்னியாவில் பசிபிக் பாலிசேட்ஸ். அங்கே 1942-இல் தமக்கென்று கட்டிய வீட்டில் குடியேறினார். கடலும் பனைமரங்களும் சூழ்ந்த அந்த ஊரில், வரவேற்பறையில் மாலைதோறும் பீத்தோவனும் ஷூபர்ட்டும் வாக்னரும் ஒலித்தார்கள். தம்மை விரட்டிய நாட்டின் இசையை அவர் விலக்கிவைக்கவில்லை. அதே வேளையில், 1940-இல் அமெரிக்க இதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில், நாஜிகள் வாக்னரைத் திரித்துவிட்டார்கள் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது, வாக்னரின் படைப்புக்குள்ளேயே அந்த விதை இருக்கிறது என்று எழுதவும் செய்தார். காதால் கேட்டு இன்புற்றதைக் கையால் எழுதிக் கண்டித்தார். இந்த முரணை அவர் ஒளிக்கவில்லை.

இதே காலத்தில் இசைத்தட்டு அவர் வாழ்க்கையில் வேறொரு வேலைக்கும் வந்தது. ஜெர்மன் மக்களுக்கான உரைகளைத் தருமாறு பிபிசி அவரைக் கேட்டுக்கொண்டது. 1940 அக்டோபரில் அந்த ஒலிபரப்பு தொடங்கியது. தொடக்கத்தில் அவர் அனுப்பிய வாசகத்தை லண்டனில் வேறொருவர் படித்தார். 1941 மார்ச் முதல் அவரது குரலே சென்றது. அதற்கான வழி வியப்பூட்டுவது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள வானொலிக் கூடத்தில் அவர் பேசியதை ஒரு தட்டில் பதிவார்கள். அந்தத் தட்டு விமானத்தில் நியூயார்க் செல்லும். அங்கிருந்து தொலைபேசி வழியாக லண்டனுக்கு ஒலித்து, அங்கே இன்னொரு தட்டில் பதிவாகும். அந்தத் தட்டு ஒலிவாங்கியின் முன் சுழலும்போது, ஜெர்மனியில் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு, ஒலியைத் தணித்துவைத்துக் காத்திருப்பவர்களின் காதில் அந்தக் குரல் விழும். எதிரி நாட்டு வானொலியைக் கேட்பது அங்கே தண்டனைக்குரிய குற்றம்.

மாதத்துக்கு ஒன்றாக, சில நிமிடங்களே நீளும் உரைகள் அவை. யூதர்கள் நச்சுவாயுவால் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தியை 1942-இலேயே அந்த உரைகளில் ஜெர்மானியரிடம் சொன்னார். தெரியாது என்று பின்னாளில் சொல்ல எவருக்கும் இடம்தரக் கூடாது என்பது அவரது கவலை.

அதே ஆண்டு மார்ச் 28 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் லூபெக் மீது குண்டு வீசின. அவருடைய முன்னோரின் வீடு சிதைந்தது. அருகிலிருந்த மரியன்னை தேவாலயமும் எரிந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பக்ஸ்டஹூட ஆர்கன் வாசித்த தேவாலயம் அது. அவரைக் கேட்பதற்காக இளைஞரான பாக் 1705-இல் நெடுந்தொலைவு நடந்தே வந்த தேவாலயம். பக்ஸ்டஹூட வாசித்த பழைய ஆர்கன் அன்று சாம்பலாயிற்று. அடுத்த உரையில் மன் தம் சொந்த ஊரின் அழிவைப் பேசினார். வருத்தம் உண்டு என்றார். ஆனால், கவென்ட்ரி நகரை ஜெர்மன் விமானங்கள் அழித்ததையும் நினைவூட்டி, செய்த எல்லாவற்றுக்கும் விலை கொடுத்தே தீர வேண்டும் என்பதைத் தம்மால் மறுக்க முடியவில்லை என்றார். அவரது இளமையின் இசையும் அந்த விலையில் அடங்கியிருந்தது.

ஓர் இசையமைப்பாளனின் ஒப்பந்தம்

1943-இல், 68-ஆம் வயதை நெருங்கிய நிலையில், 'டாக்டர் ஃபாஸ்டஸ்' நாவலைத் தொடங்கினார். சாத்தானிடம் ஆன்மாவை விற்ற ஃபாஸ்டின் பழைய கதையைத் தம் காலத்துக்குக் கொண்டுவந்தார். கதேயின் நாயகன் அறிஞன். மன்னின் நாயகன் ஆட்ரியன் லெவர்க்யூன் இசையமைப்பாளன். ஜெர்மனியின் ஃபாஸ்ட் இசைக்காரனாக இருந்தே ஆக வேண்டும் என்பது அவரது முடிவு. இதுவரை எவரும் படைக்காத இசையைப் படைக்கும் ஆற்றலுக்கு ஈடாக, எவரையும் நேசிக்காமல் வாழ ஒப்புக்கொள்கிறான் லெவர்க்யூன். அவனது கதையை, ஹிட்லரின் ஜெர்மனி இடிந்து விழும் நாள்களில் அமர்ந்து எழுதுகிறார் அவனது பழைய நண்பர் ஒருவர். இசைக்கலைஞனின் வீழ்ச்சியும் நாட்டின் வீழ்ச்சியும் பக்கத்துக்குப் பக்கம் இணைந்து செல்கின்றன.

வாசிக்கவும் தேராத ஒரு ரசிகர், இசையமைப்பாளனின் மூளைக்குள் நுழைய வேண்டிய நெருக்கடி இது. தட்டுகளைக் கேட்டுச் சேர்த்த அறிவு போதாது என்பதை மன் உணர்ந்திருந்தார். அதே ஊரில் அகதியாக வாழ்ந்த, தம்மைவிட 28 வயது இளையவரான தத்துவவாதி தியடோர் அடோர்னோ துணைக்கு வந்தார். பீத்தோவனின் இறுதிப் பியானோ சொனாட்டாவை வாசித்துக் காட்டி அதன் கட்டமைப்பை விளக்கினார். அந்தச் சொனாட்டாவுக்கு ஏன் மூன்றாம் பகுதி இல்லை என்ற கேள்வியை மையமாக்கி மன் எழுதிய அத்தியாயம், இசையைப் பற்றி உரைநடையில் எழுதப்பட்டவற்றில் மிகச் சிறந்த பக்கங்களுள் ஒன்று. நன்றிக்கடனாக, அடோர்னோவின் தந்தைவழிப் பெயரை அந்த அத்தியாயத்துக்குள் ஒரு சொல்லாக ஒளித்து வைத்தார். லெவர்க்யூன் கண்டறிவதாக நாவலில் வரும் பன்னிரு சுர முறை, அதே பகுதியில் வாழ்ந்த அர்னால்ட் ஷோன்பெர்க்கின் கண்டுபிடிப்பு. தம் பெயர் குறிப்பிடப்படாததால் அவர் கடுஞ்சினம் கொண்டார். பின்னர் வந்த பதிப்புகளில் மன் அதை ஒப்புக்கொண்டு ஒரு குறிப்பைச் சேர்த்தார்.

லெவர்க்யூனின் கடைசிப் படைப்பு ஒரு புலம்பல். மனிதர் யாவரும் உடன்பிறந்தோர் என்று பாடும் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைத் திரும்பப் பெறுவதற்காகவே அதை இயற்றுகிறான் அவன். ஒன்பதாம் சிம்பொனியை உலகுக்குத் தந்த நாடு வதைமுகாம்களையும் தந்தது. முகாம்களில் கைதிகளைக் கொண்டே இசைக்குழு அமைத்து வாசிக்கச் செய்தது. அதன்பின் அந்தச் சிம்பொனியை முன்பு கேட்டதைப் போலக் கேட்க முடியுமா என்பதே நாவலின் கேள்வி.

1945 மே மாத இறுதியில், ஜெர்மனி சரணடைந்து மூன்று வாரங்களில், வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் மன் பேசினார். நல்ல ஜெர்மனி, கெட்ட ஜெர்மனி என இரண்டு இல்லை என்றார்; இருப்பது ஒன்றே; அதன் மிகச் சிறந்த பண்புகளே தீமையாகத் திரிந்தன என்றார். அந்தப் பண்புகளில் இசைமனத்தை முதன்மையாக வைத்தார். குற்றம் சாட்டும் நீதிபதியாக அல்லாமல், அந்த இசைமனத்தைத் தம்முள்ளும் கண்டவராகவே பேசினார். ஹிட்லரின் ஆட்சியில் ஜெர்மனிக்குள்ளேயே இருந்துவிட்ட எழுத்தாளர்கள் நாடு திரும்புமாறு அவரை அழைத்தபோது அவர் மறுத்து எழுதிய கடிதத்திலும் இசை வந்தது. கொடுங்கோலனின் சிறையிலிருந்து கைதிகள் விடுபடுவதைப் பாடும் பீத்தோவனின் 'ஃபிடேலியோ', அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் ஜெர்மன் அரங்குகளில் தடையின்றி நடந்தது எப்படி, அதைக் கேட்டவர்கள் முகம் பொத்தி வெளியே ஓடாதது எப்படி என்று அவர் வினவினார்.

எஞ்சிய கேள்வி

அமெரிக்காவிலும் காலம் மாறியது. கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்த 1952-இல் அந்த நாட்டை விட்டு சுவிட்சர்லாந்துக்கே திரும்பினார். 1955 ஜூனில், அவரது எண்பதாம் பிறந்தநாளை ஒட்டி சூரிச் நாடக அரங்கில் நடந்த விழாவில், மியூனிக் காலத்து அண்டை வீட்டு நண்பர் புரூனோ வால்ட்டர் மேடையேறி மொசார்ட்டின் இசையை நடத்தினார். இருவரும் நாடிழந்தவர்கள்; இருவரும் ஜெர்மன் இசையைக் கைவிடாதவர்கள். இரண்டு மாதங்களுக்குப் பின், ஆகஸ்ட் 12 அன்று மன் மறைந்தார்.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் காஸ்டோர்ப் கனவிலும் காணாத இசைத்தட்டு அலமாரி இருக்கிறது. ஊசி மாற்ற வேண்டாம். தட்டைத் திருப்ப வேண்டாம். நல்ல இசையைக் கேட்கிறோம் என்பதாலேயே நாம் பண்பட்டவர்கள் என்ற நிறைவும் எளிதில் வந்துவிடுகிறது. பக்கத்துத் தெருவில் ஒருவர் சாதியாலோ மதத்தாலோ துரத்தப்படும்போதும் அந்த நிறைவு குலைவதில்லை.

தாமஸ் மன் இசையைக் கைவிடச் சொல்லவில்லை. கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். நேசிப்பதைக் கண்மூடி நேசிக்காதீர்கள் என்பதே அவர் வாழ்க்கை சொல்வது. இசை நெஞ்சை இளக்கும். இளகிய நெஞ்சு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு கேட்பவருடையது. 1918-இல் அந்தப் பொறுப்பில் அவரே தவறினார். தவறியதை உணர்ந்து, மீதி வாழ்நாளை அதற்கு ஈடு செய்வதில் செலவிட்டார். மாலையில் தட்டைச் சுழலவிட்ட அதே மனிதர், மாதம் ஒருமுறை தம் குரலையும் தட்டில் பதித்து அனுப்பிக்கொண்டிருந்தார். கேட்பதோடு தம் கடமை முடிந்துவிட்டதாக அவர் கருதவில்லை.